செவிய்யாவில் என்ன சாப்பிடலாம், எங்கே, எத்தனை மணிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மத்ரிதில் வேலை பார்ப்பதால், ஊரிலிருந்து ஸ்பெயின் சுற்ற வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லோருக்கும் நான்தான் வழிகாட்டி. மத்ரிதைப் பார்த்த கையோடு, அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் செவிய்யா போய்விடுவார்கள் (பல வரைபடங்களில் செவில் என்றிருக்கும்). ரயில் ஏறும் முன் ஒரு சுற்று, அங்கே இறங்கிப் பசித்த பிறகு இன்னொரு சுற்று என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்துவிட்டேன்.

செவில்லயே பெஸ்ட் ஓட்டல் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும்.

சொல்ல மாட்டேன். மறைத்து வைக்க ஒன்றுமில்லை, அந்த ஊர் சாப்பிடுகிற விதம் அப்படி. ஒரு கடையில் உட்கார்ந்து சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீமில் முடிப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர் ஒரு கடையில் நின்றபடி இரண்டு சின்னத் தட்டு, ஒரு கிளாஸ், பிறகு அடுத்த தெரு, அடுத்த கடை. ஒரு கடையில் கீரை நன்றாக இருக்கும், இன்னொன்றில் வறுத்த மீன், மூன்றாவதில் காளான். 'பெஸ்ட் ஓட்டல்' என்று தேடினால் கிடைப்பது நல்ல விளம்பரம் உள்ள ஓட்டல்தான். எந்தக் கடையில் எந்தத் தட்டு, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்கான பதில்தான்.

எல்லாம் 'பார்'னு போட்டிருக்கே? குழந்தை, மாமியாரோட எப்படிப் போறது?

தாராளமாகப் போகலாம். அங்கே பார் என்பது காலையில் டீக்கடை, மதியம் மெஸ், ராத்திரி திண்ணை. தள்ளுவண்டியில் கைக்குழந்தை, கைத்தடியோடு பாட்டி, பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற நெடி அங்கே இல்லை.

தாப்பாஸ்னா என்ன? இலவசமா தருவாங்கன்னு யூடியூப்ல பார்த்தோமே?

அது கிரானாதா ஊர் வழக்கம். அங்கே ஒரு கிளாஸ் வாங்கினால் தட்டு தானாக வரும். செவிய்யாவில் தட்டுக்குத் தனிக் காசு. சில கடைகளில் நாலைந்து ஆலிவ் காய் சும்மா வைப்பார்கள், அவ்வளவுதான்.

அளவு மூன்று. தாப்பா என்பது ஒருவருக்கு நாலைந்து வாய். மெதியா ரசியோன் அரைத் தட்டு, ரசியோன் முழுத் தட்டு. சாதாரணக் கடையில் தாப்பா பெரும்பாலும் 3 முதல் 5 யூரோவுக்குள் அடங்கும். ஒருவருக்கு மூன்று தாப்பா வயிற்றை நிரப்பும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். இரண்டு சொல்லுங்கள், சாப்பிடுங்கள், பிறகு பாருங்கள். இன்னொரு விஷயம்: சில கடைகளில் தாப்பா அளவு பார்ரா எனப்படும் கவுன்டரில் நிற்பவர்களுக்கு மட்டும்தான். மேசையில் உட்கார்ந்தால் அரைத் தட்டு, முழுத் தட்டுதான் தருவார்கள். உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் போனோம். ஒரு கடையும் திறக்கல. ஊருக்கே லீவா?

எனக்கும் முதல் தடவை இதே கதி. நாற்காலியெல்லாம் மேசைமேல் கவிழ்ந்திருக்க, தரை துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிறுத்தாமலேயே "எட்டரை" என்றார். மதியச் சாப்பாடு 2 முதல் 4 வரை. சமையலறை சுமார் நாலரைக்கு அணையும். மறுபடி எட்டு, எட்டரைக்குப் பற்றும். ஊர்க்காரர்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள், கோடையில் பத்துக்கு. ஞாயிறு ராத்திரியும் திங்கட்கிழமையும் பல நல்ல கடைகள் மூடியிருக்கும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. மதியம் ஒன்றரைக்கோ ராத்திரி எட்டரைக்கோ, திறந்த சூட்டோடு உள்ளே போனால், ஒரு மணி நேரம் கழித்து மூன்று வரிசையாக நெருக்கிக்கொண்டு நிற்கிற அதே கவுன்டரில் சாவகாசமாகக் கை ஊன்றி நிற்கலாம். முன்பதிவெல்லாம் வேண்டாம்.

அப்பாவுக்கு சுகர் இருக்கு. எட்டு மணிக்குள்ள சாப்பிட்டு மாத்திரை போடணும். என்ன பண்றது?

'கொசீனா இனின்தெர்ரும்பீதா' என்று பலகை வைத்த கடைகள் இடைவேளை இல்லாமல் அடுப்பு எரிப்பவை. கதீட்ரல் சுற்றுவட்டத்தில் இவை நிறைய. ருசி சுமார், அவசரத்துக்கு ஆகும். இன்னொரு வழி, அவர்களின் சாயங்காலப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது. ஆறு மணிக்குக் காபிக் கடைகளில் தோஸ்தாதா எனப்படும் சுட்ட ரொட்டியோ, தொர்த்தியா தே பத்தாத்தாஸ் எனப்படும் உருளைக்கிழங்கு ஆம்லெட்டின் ஒரு துண்டோ கிடைக்கும். வயதானவர்களுக்கு அதுவே ராத்திரிச் சாப்பாடு. மதியம் கனமாக, ராத்திரி லேசாக என்று மாற்றிக்கொண்டால் ஊரும் உடம்பும் ஒத்துப்போகும்.

காலையில இட்லி, தோசை மாதிரி சூடா ஏதாச்சும்?

தோஸ்தாதாதான் அந்த ஊர் இட்லி. மொயேத்தே என்று கேட்டால் மெத்தென்ற ரொட்டியைப் பிளந்து சுட்டுத் தருவார்கள். மேலே ஆலிவ் எண்ணெய், அரைத்த தக்காளி, உப்பு. எண்ணெயைக் கஞ்சமில்லாமல் ஊற்ற வேண்டும், நம் இட்லிப்பொடி கணக்கில். சூடாக, எண்ணெயில் பொரித்தது வேண்டுமென்றால் காலென்தீத்தோஸ். மற்ற ஊர்களில் சுர்ரோஸ் என்பதைச் செவிய்யாவில் இப்படிச் சொல்வதுண்டு. கெட்டியான சாக்லேட் பானத்தில் முக்கிச் சாப்பிடுவது.

நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. ஆனால் எச்சரிக்கை வேண்டும். என் சித்தி ஒரு கடையில் "கார்னே வேண்டாம்" என்றார். கார்னே என்றால் இறைச்சி. பரிமாறியவர் மலர்ந்த முகத்தோடு தலையாட்டிவிட்டு, சூரை மீனும் ஹமோன் துண்டுகளும் தூவிய சாலட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஹமோன் என்பது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை. அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேராது, கொத்தமல்லித் தழை மாதிரி மேலே தூவுகிற சாமான். ஆகவே மூன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும்: "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்." இறைச்சி, மீன், ஹமோன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று பொருள்.

இனி நல்ல செய்தி. செவிய்யாவின் அடையாளமான தட்டே கீரைதான். எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் என்பது பசலைக் கீரையும் கொண்டைக்கடலையும். பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் மாதிரி சிவந்த பிமெந்தோன், பொரித்த ரொட்டித்துண்டு எல்லாம் இடித்துப் போட்டுக் கெட்டியாக வற்றவைத்தது. சீரக வாசனையோடு மண் கிண்ணத்தில் வரும்போது நம் கீரைக் கூட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று தோன்றும். மாமிசம் விலக்கும் தவக்காலத்து உணவு இது, இப்போது வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. சில சமையலறைகளில் கறிவேகவைத்த சாறு ஊற்றுவார்கள் என்பதால் "யேவா கால்தோ தே கார்னே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றவை: கத்தரிக்காய் வறுவல்மேல் கரும்புப்பாகு ஊற்றிய பெரென்ஹேனாஸ் கோன் மியேல். பாதாமும் பூண்டும் அரைத்த குளிர்ந்த வெள்ளை சூப்பான அஹோபிளாங்கோ. தக்காளி, ரொட்டி, எண்ணெய் சேர்த்துக் கடைந்த சால்மோரெஹோ. கடைசியதன்மேல் ஹமோனும் முட்டையும் தூவுவார்கள், "சின் ஹமோன்" என்று சொல்லிவிட வேண்டும். பாப்பாஸ் அலின்யாஸ் என்ற உருளைக்கிழங்கு சாலட்டில் சூரை மீன் இருப்பது வழக்கம், "சின் அத்தூன்" என்று கேளுங்கள். க்ரோகேத்தாஸை மட்டும் நம்பாதீர்கள். பாதிக்குமேல் உள்ளே ஹமோன்தான்.

முட்டையும் தொட மாட்டேன். அப்போ?

மேலே சொன்ன பட்டியலில் ஆம்லெட் போகும், சால்மோரெஹோவுக்கு "சின் உவேவோ" (முட்டை இல்லாமல்) சேர்த்துக்கொள்ள வேண்டும். கீரை, காய்கறிகளை வதக்கிச் செய்யும் பிஸ்தோ (மேலே முட்டை உடைத்து ஊற்றும் பழக்கம் உண்டு, சொல்லிவிடுங்கள்), காலைத் தோஸ்தாதா எல்லாம் ஆகும். பொரித்த கத்தரிக்காய் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிபட்டிருக்கலாம். அது உறுத்துமென்றால் தவிர்க்கவும். தயிர்சாதம் இல்லாமல் முடியாதவர்கள் சமையலறையுள்ள வீடு எடுத்துத் தங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் இனிப்பில்லாத தயிர் 'யோகுர் நத்துரால்' என்ற பெயரில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவைக்கவும்.

பன்றி மட்டும் கூடாது. ஹலால் கிடைக்கலன்னா மீன் சாப்பிடலாம். வேற எதைக் கவனிக்கணும்?

மீன் என்றால் ஃப்ரெய்துரியா எனப்படும் வறுத்த மீன் கடைகள். மாவில் புரட்டி ஆலிவ் எண்ணெயில் பொரித்து, காகிதப் பொட்டலத்தில் எடை போட்டுத் தருவார்கள். அதோபோ என்பதைக் கேளுங்கள். வினிகர், பூண்டு, சீரகம், ஓரிகானோவில் ஊறவைத்த சுறா வகை மீன், கசோன். மசாலாவில் ஊறின மீன் வறுவல் பழக்கப்பட்ட நாக்குக்கு உடனே ஒட்டும்.

ஒரு சொல் பொறி உண்டு. மந்தேகியா என்றால் வெண்ணெய். மந்தேக்கா என்றால் பன்றிக்கொழுப்பு. காலைக் கடையில் ரொட்டிக்குத் தடவ இரண்டும் இருக்கும். கிறிஸ்துமஸ் பண்டமான மந்தேகாதோஸ் பெயரிலேயே அந்தக் கொழுப்பு இருக்கிறது. ஊருக்குத் தின்பண்டம் வாங்கிப் போக நினைத்தால் தோர்த்தாஸ் தே அசெய்த்தே வாங்குங்கள். ஆலிவ் எண்ணெய், சோம்பு, எள் சேர்த்த மொறுமொறு அப்பளம் போன்ற இனிப்பு. பக்கத்து ஊரான காஸ்தியேஹா தே லா குவெஸ்தாவில் 1910-ல் தொடங்கிய இனெஸ் ரொசாலெஸ் என்ற பெயரில் வருவது எல்லாக் கடையிலும் உண்டு. குழம்பு வகைகளில் ஒயின் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'அல் விஸ்கி' என்று பெயரிலேயே சொல்வதும் உண்டு.

குடிப்பழக்கம் இல்ல. பார்ல போய் தண்ணி கேட்டா முறைப்பாங்களா?

முறைக்க மாட்டார்கள். "அகுவா தெல் க்ரீஃபோ" என்றால் குழாய்த் தண்ணீர். அதை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-ல் வந்த கழிவுத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. குடிக்க நல்ல தண்ணீர்தான். திந்தோ தே வெரானோ, ரெபுஹீத்தோ, ஆரஞ்சுப் பெயரைச் சொல்லி ஏமாற்றும் வீனோ தே நரான்ஹா மூன்றிலும் மது உண்டு.

மோஸ்தோவில்தான் விவரமானவர்களே விழுவார்கள். மத்ரித் கடைகளில் மோஸ்தோ என்றால் புளிக்காத திராட்சைச் சாறு. செவிய்யாவை ஒட்டிய அல்ஹராஃபே ஊர்களில் இலையுதிர், குளிர்காலத்தில் அதே சொல்லுக்குப் புளித்த இளம் ஒயின் என்று பொருள். "சின் அல்கோல்?" என்று கேட்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

எதுலயுமே காரம் இல்லையே! மிளகாயைக் கண்டுபிடிச்சு கொண்டாந்ததே அவங்கதானே?

கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். அமெரிக்க வணிகத்தைக் கட்டியாண்ட அலுவலகம் 1503-ல் செவிய்யாவில்தான் அமைந்தது, 1717 வரை அங்கேயே இருந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அந்த ஆற்றுத்துறை கண்டவை. மிளகாயை அவர்கள் உலர்த்திப் பொடித்துக் காரம் குறைந்த பிமெந்தோன் ஆக்கிக்கொண்டார்கள். நம்மிடம் அது போர்த்துகீசியர் வழியாக வந்து சேர்ந்தது, நாம் என்ன செய்தோம் என்பது தெரிந்த கதை. காரம் வேண்டுமென்றால் பூண்டெண்ணெயில் கொதிக்கக் கொதிக்க வரும் இறால், காம்பாஸ் அல் அஹீயோ. அதில் காய்ந்த மிளகாய் கிடக்கும். அதுவும் போதாதவர்களுக்கு ஊறுகாய் பாக்கெட்தான் கதி.

பயேயா எங்க நல்லா இருக்கும்?

வலென்சியாவில். ரயில் மாறி அங்கே போங்கள். செவிய்யாவில் வாசலில் பயேயா எனப்படும் மஞ்சள் சோற்றின் படங்களை வரிசையாக மாட்டி வைத்த கடையில் வருவது பெரும்பாலும் உறைநிலையில் வந்து இறங்கிச் சூடாக்கிய சோறு. அரிசி அங்கே மதிய உணவு. ராத்திரி பத்து மணிக்குப் பயேயா கேட்பது ராத்திரி பத்து மணிக்கு மீல்ஸ் கேட்பது மாதிரி.

நான் எல்லாம் சாப்பிடுவேன். எதை விட்டா வருத்தப்படுவேன்?

கர்ரியாதா: பன்றிக் கன்னத்தசையை ஒயினில் கரண்டி பட்டதும் பிரிகிற பதத்துக்கு வேகவைத்தது. கோலா தே தோரோ: மாட்டுவால் குழம்பு, எலும்போடு கையால் எடுத்துச் சாப்பிட்டால்தான் தீரும். பிரிங்கா: கொண்டைக்கடலைக் குழம்பில் வெந்த இறைச்சி, கொழுப்பு, தொத்திறைச்சி எல்லாம் பிசைந்து குட்டி ரொட்டிக்குள் வைத்துச் சுட்டது. 'மொந்ததீத்தோ தே பிரிங்கா' என்று கேளுங்கள். மே, ஜூனில் போனால் நத்தை, அங்கே காரகோலெஸ். சாறு கிளாஸில் வரும், உறிஞ்சிக் குடிக்க வேண்டும். பயப்படாதீர்கள், நண்டு ரசம் குடித்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

ஹமோன் ஒரு தட்டு 8 யூரோ, பக்கத்துக் கடையில 25. ஏமாத்துறாங்களா?

இரண்டும் வேறு பொருள். இபேரிகோ பன்றித்தொடையின் கணுவில் ஒரு வண்ணப் பட்டி இருக்கும். கறுப்பு என்றால் நூறு சதவீத இபேரிகோ இனம், ஓக் மரக் கொட்டை மேய்ந்து வளர்ந்தது. சிவப்பு என்றால் அதே மேய்ச்சல், கலப்பினம். பச்சைக்கு மேய்ச்சலும் தீவனமும், வெள்ளைக்குத் தொழுவத் தீவனம். செரானோ என்பது இபேரிகோவே இல்லை, வெள்ளைப் பன்றி. ருசி பார்க்க என்றால் கறுப்பில் ஒரு தாப்பா போதும். மெல்லிய இழையை நாக்கில் வைத்தால் கொழுப்பு தானே உருகும்.

கதீட்ரல் பக்கத்துல சாப்பிடாதேன்னு எல்லாரும் சொல்றாங்க. அங்கதான் ரூம் போட்டிருக்கோம்.

முழுக்க உண்மையில்லை. வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடை, எட்டு மொழியில் படம் போட்ட பட்டியல், மாலை ஆறு மணிக்கே மேசை நிறைந்திருப்பது: மூன்றில் இரண்டு இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஆனால் கதீட்ரலிலிருந்து சில நிமிட நடையில், 1850-ல் தொடங்கிய காசா மொராலெஸ் இருக்கிறது. பின்கட்டில் ஆளுயர ஒயின் மண்ஜாடிகள் சுவரோரம் நிற்கும், பத்தாயம் வைத்த பழைய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். போதேகா சாந்தா க்ரூஸும் பக்கம்தான். பிரிங்காவுக்கு அங்கே போகலாம். இரைச்சல் தாங்க வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கோம். எங்க, எந்த ஆர்டர்ல?

மதியம் ஆற்றைத் தாண்டித் த்ரியானா. 1852-ல் கட்டிய பாலம் இறங்கியதும் த்ரியானா சந்தை. கத்தோலிக்க மத விசாரணை மன்றத்தின் பழைய கோட்டை இருந்த இடத்தின்மேல் நிற்கிறது. மீன், பழக் கடைகளுக்கு நடுவே சின்னச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. அங்கே ஒரு தட்டு, பிறகு பக்கத்துத் தெருக்களில் லாஸ் கோலொந்ரீனாஸில் சுட்ட காளான்.

ராத்திரி எட்டரைக்கு 1670-லிருந்து நடக்கிற எல் ரின்கோன்சீயோ. நிற்கிற பக்கம் போங்கள். ஆர்டர் சொன்னதும், முன்னால் இருக்கும் மரக் கவுன்டரிலேயே சாக்குக்கட்டியால் விலையை எழுதுவார்கள். தட்டு வர வர எண் கீழே கீழே நீளும். போகும்போது கூட்டிச் சொல்லிவிட்டு ஈரத்துணியால் ஒரே துடைப்பு. கீரை கடலை இங்கே சாப்பிடுங்கள். கால் தெம்பிருந்தால் சான் லொரென்சோ பக்கம் எஸ்லாவா. காளான் கேக்மேல் முட்டை மஞ்சள் வைத்துத் தரும் தட்டுக்குப் பேர்போனது.

பில்லுல கேட்காத ரொட்டிக்குக் காசு போட்டிருக்கான். டிப்ஸ் எவ்வளவு?

ரொட்டியும் பீகோஸ் என்ற குட்டி ரொட்டிக்குச்சியும் ஒருவருக்கு இவ்வளவு என்று சேர்ப்பது வழக்கம். வேண்டாமென்றால் வைத்த உடனே, தொடாமல் திருப்பிக் கொடுங்கள். வெளி மேசைக்கு விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம், பட்டியலில் தனியாக எழுதியிருக்கும். வரி விலைக்குள் அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை. கவுன்டரில் சில்லறையை விட்டுவிட்டு வரலாம், உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டால் ஐந்து சதவீதம் தாராளம். பில் தானாக வராது, "லா குவென்தா, போர் ஃபாவோர்" என்று கேட்க வேண்டும். கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் கிளம்பு என்பது மாதிரி ஆகிவிடுமாம்.

ஆகஸ்ட்ல டிக்கெட் மலிவா இருக்கு. ஏப்ரல் திருவிழா சமயத்துல போலாமா?

ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நல்ல கடைக்காரர்கள் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஃபேரியா எனப்படும் ஏப்ரல் திருவிழா பார்க்க அழகு. ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட பந்தல்களில் பெரும்பாலானவை தனியாருடையவை, அழைப்பில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பொதுப் பந்தல்கள் சில உண்டு. சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் அக்டோபர் கடைசி, நவம்பர் பாருங்கள்.

கன்னியர் மடத்துல இனிப்பு விக்கிறாங்களாமே, நிஜமா?

நிஜம். சான் லெயாந்த்ரோ மடத்தின் யேமாஸ் முட்டை மஞ்சளும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பு. சுவரில் ஒரு மரச் சுழலி இருக்கும். மணி அடித்தால் உள்ளிருந்து குரல் மட்டும் வரும். காசை வைத்தால் சுழலி திரும்பும், பெட்டி வரும், ஆள் கண்ணில் படவே மாட்டார். மதிய இடைவேளையில் மூடிவிடுவார்கள், காலையில் போங்கள்.

தெருவெல்லாம் ஆரஞ்சு பழுத்துத் தொங்குதே. பறிச்சுத் தின்னலாமா?

ஒரு சுளை வாயில் போட்டால் முகம் கோணும். அது கசப்பு ஆரஞ்சு, நம் நார்த்தங்காய் ஜாதி. வண்டிப்புகை படிந்த தெருவோர மரத்தைத் தொடவேண்டாம். ஆங்கிலேயர்கள் மார்மலேட் போடுவது இந்தப் பழத்தில்தான். சாந்தா பவுலா மடத்துக் கன்னியர்களும் இதில் ஜாம் செய்து விற்கிறார்கள், அதை வாங்குங்கள். என் அம்மாவுக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. ஜனவரியில் சந்தையில் இந்தக் காய் நாலு வாங்கி, தங்கியிருந்த வீட்டில் நறுக்கி உப்புப் போட்டு ஜன்னல் வெயிலில் வைத்தார். மூன்றாம் நாள், யோகுர் நத்துரால் பிசைந்த சோற்றுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள.